மர எழுத்தில் ஒரு குத்துச்சண்டை

குத்துச்சண்டைச் சுவரொட்டி என்றதும் மனதில் எழும் உருவம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கெட்டியான அட்டை, சிவப்பும் கறுப்புமாக இரண்டே மை, மேலே கிழமையும் தேதியும். நடுவில் முஷ்டியை உயர்த்தியபடி எதிரெதிரே நிற்கும் இருவர். அவர்களுக்குக் கீழே அட்டையின் இரு ஓரங்களையும் தொட்டு நிற்கும் இரண்டு பெயர்கள். அடியில் சிறிய எழுத்தில் துணைப் போட்டிகளும் டிக்கெட் விலையும். இன்று ஒரு குத்துச்சண்டை இரவுக்குப் பழைய பாணியில் விளம்பரம் வேண்டும் என்று கேட்டால், வடிவமைப்பவர் இதையே போட்டுத் தருவார். இந்த உருவத்தை எந்த ஓவியரும் உட்கார்ந்து வரைந்து கொடுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1960-கள் வரை அமெரிக்க அச்சகங்களில் மர எழுத்தும் அவசரமும் சிக்கனமும் சேர்ந்து இதை உருவாக்கின. அட்டையில் தெரியும் ஒவ்வொரு அம்சத்துக்கும் பட்டறையில் ஒரு காரணம் இருந்தது.

சண்டையை அச்சில் அறிவிக்கும் வழக்கம் அமெரிக்காவுக்கு முன்பே லண்டனில் தொடங்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பத்திரிகை விளம்பரங்கள் சவாலும் மறுமொழியுமாக வந்தன. 1722-இல் எலிசபெத் வில்கின்சன் என்ற பெண், ஹன்னா ஹைஃபீல்டு என்பவரை மேடைக்கு அழைத்து ஒரு விளம்பரம் கொடுத்தார். பந்தயம் மூன்று கினி. இருவரும் ஒவ்வொரு கையிலும் அரை கிரவுன் நாணயத்தை இறுக்கிப் பிடித்தபடி மோத வேண்டும். எவர் கையிலிருந்து முதலில் காசு விழுகிறதோ அவர் தோற்றவர். ஹைஃபீல்டு அழைப்பை ஏற்றுக் கொடுத்த பதிலும் அதனுடனே அச்சானது. பெயருக்கு எதிரே பெயர் என்ற அமைப்பின் வித்து அந்த விளம்பரத்திலேயே இருக்கிறது.

ஆனால் அதற்கு அடுத்த நூற்றாண்டில், வெறுங்கைச் சண்டை சட்டவிரோதமாக இருந்தவரை, முழுமையான சுவரொட்டி உருவாக வழியில்லை. இடத்தையும் நேரத்தையும் அச்சடித்தால் போலீஸ் முன்னதாகவே வந்து நிற்கும். 1860 ஏப்ரல் 17-இல் ஃபார்ன்பரோவில் இங்கிலாந்தின் டாம் சேயர்ஸும் அமெரிக்காவின் ஜான் ஹீனனும் மோதினார்கள். பார்க்கப் போனவர்களுக்கு லண்டனில் விற்ற ரயில் டிக்கெட்டில் ஊர்ப் பெயர் கிடையாது. எந்த ஊருக்கும் இல்லை என்பதுபோல் அச்சிட்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமலே பெருங்கூட்டம் ரயில் ஏறியது.

கையுறையும் சுற்றுக்கு மூன்று நிமிடக் கணக்கும் கொண்ட குவீன்ஸ்பெரி விதிகள் 1867-இல் வெளியாயின. 1892 செப்டம்பர் 7-இல் நியூ ஆர்லியன்ஸின் ஒலிம்பிக் கிளப்பில் ஜேம்ஸ் கார்பெட், ஜான் எல். சல்லிவனை 21-ஆம் சுற்றில் வீழ்த்தினார். அந்தச் சண்டை கையுறையோடு, கட்டடத்துக்குள், ஊரறிய நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் சட்டம் பலமுறை முன்னும் பின்னும் போய், கடைசியில் 1920-இன் வாக்கர் சட்டத்தில் நிலைகொண்டது. சட்டம் அனுமதித்த பிறகுதான் கிழமை, தேதி, அரங்கம், விலை நான்கையும் துணிந்து பெரிய எழுத்தில் போட முடிந்தது. சுவரொட்டியின் உச்சியில் தேதி அவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருப்பதன் பின்னணி இது.

பெரிய எழுத்துக்கான பொருள் அதற்குள் தயாராகியிருந்தது. ஈய எழுத்தை ஓர் அளவுக்கு மேல் பெரிதாக வார்த்தால் கனம் தாங்காது, ஆறும்போது முகம் குழிந்துவிடும், விலையும் அதிகம். 1827-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ், சுழலும் வெட்டுமுனை கொண்ட கருவியால் மர எழுத்தைப் பெருமளவில் செய்யும் முறையைக் கண்டார். அடுத்த ஆண்டே எழுத்து மாதிரிப் பட்டியலும் வெளியிட்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அந்தக் கருவியோடு பாண்டோகிராஃபை இணைத்தார். ஒரே மாதிரி எழுத்தை வைத்துக்கொண்டு பல அளவுகளில் வெட்ட இது வழி செய்தது. 1880-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் ஜே. எட்வர்ட் ஹாமில்டன் தொடங்கிய நிறுவனம், சில பத்தாண்டுகளில் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கி இந்தத் தொழிலையே தன் கைக்குள் கொண்டுவந்தது.

நல்ல மர எழுத்துக்கு மேப்பிள் மரம். அதுவும் பலகையாக அறுத்த முகம் அல்ல. அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையம் தெரியும் முகம். அந்த முகத்தில் நார்கள் செங்குத்தாக நிற்பதால் ஆயிரக்கணக்கான அழுத்தங்களைத் தாங்கும், மையையும் சீராக வாங்கும். எழுத்தின் உயரம், அதாவது மேசையிலிருந்து மை படும் முகம் வரை, 0.918 அங்குலம். ஈய எழுத்துக்கும் படத்துக்கான பிளாக்குக்கும் அதே உயரம்தான். அதனால் மூன்றையும் ஒரே இரும்புச் சட்டத்துக்குள் பூட்டி ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம். எழுத்தின் அளவை 'வரி' என்று எண்ணினார்கள். ஆறு வரி ஓர் அங்குலம். 12 வரி எழுத்து இரண்டு அங்குலம்.

தொழிலில் அதிகம் புழங்கிய அளவு 14 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் கொண்ட அட்டை. விண்டோ கார்டு என்று பெயர். முடிதிருத்தகம், சுருட்டுக்கடை, மதுக்கடை ஆகியவற்றின் கண்ணாடியில் உள்பக்கமாக நிறுத்தி வைப்பதற்கான அட்டை இது. தாளாக இருந்தால் சுருண்டு விழும் என்பதால் அட்டை. கண்ணாடியில் இடம் கொடுத்த கடைக்காரருக்கு இலவச டிக்கெட் தருவது சர்க்கஸ் காலத்து வழக்கம். சாலையில் நடப்பவர் சில வினாடிகள்தான் பார்ப்பார். அந்த நேரத்துக்குள் யார், யாரோடு, எப்போது என்ற மூன்றும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இனி அச்சுக்கோப்பவரின் மேசைக்கு வரலாம். சண்டைச் சுவரொட்டியின் முழு அழகும் ஒரு சிக்கலிலிருந்து பிறந்தது: இரண்டு பெயர்களும் ஒரே நீளம் இருப்பதில்லை. ஜோ லூயிஸும் மாக்ஸ் ஷ்மெலிங்கும் 1936-இலும் 1938-இலும் யாங்கி ஸ்டேடியத்தில் மோதினார்கள். முதல் முறை ஷ்மெலிங் வென்றார். இரண்டாம் முறை லூயிஸ் 124 வினாடிகளில் முடித்தார். அவர்களுடைய குடும்பப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் லூயிஸுக்கு 5 எழுத்து, ஷ்மெலிங்குக்கு 9. 14 அங்குல அட்டையில் ஓரம் போக 13 அங்குலம் கிடைக்கிறது. லூயிஸின் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலத்துக்கு விரியலாம். ஷ்மெலிங்கின் எழுத்துக்கு ஒன்றரை அங்குலம்கூட முழுதாகக் கிடைக்காது. ஒரே எழுத்துப் பெட்டியிலிருந்து இரண்டையும் எடுத்தால் ஒரு பெயர் வரியை நிரப்பும், மற்றது பாதியில் நிற்கும். பார்ப்பவருக்கு ஒருவர் பெரியவர், மற்றவர் எடுபிடி என்று தோன்றும். சண்டை விளம்பரத்தில் அதைவிடப் பெரிய பிழை கிடையாது. அதனால் அச்சுக்கோப்பவர் உயரத்தை மாற்றாமல், குட்டைப் பெயருக்கு அகன்ற எழுத்தும் நீண்ட பெயருக்கு ஒடுங்கிய எழுத்தும் எடுத்தார். இரண்டு பெயர்களும் இடமிருந்து வலம் வரை முட்டி நின்றன. வெவ்வேறு எழுத்து வகைகள் ஒரே அட்டையில் கலந்து கிடப்பது அலங்காரம் போலத் தெரிகிறது. உண்மையில் அது இரண்டு வீரர்களுக்கும் சமமான இடம் கொடுப்பதற்கான கணக்கு.

யார் பெயர் மேலே, யார் பெயர் இடப்பக்கம் என்பது தனிப் பேச்சுவார்த்தை. சாம்பியன் பெயர் முதலில் வருவது பொது வழக்கம். இரண்டு பெயருக்கும் நடுவே வரும் 'எதிராக' என்பதற்கான சுருக்கம் மிகச் சிறிதாக, சில வேளை ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் பெயர்களுக்கு ஈடாகப் பெருத்து நிற்கும், ஏனென்றால் கொடுக்கும் காசுக்கு எவ்வளவு சண்டை என்பதை அதுதான் சொல்லும். துணைப் போட்டிகளின் பெயர்கள் கீழிறங்க இறங்கச் சிறுத்துக்கொண்டே போகும். அந்தச் சிறிய வரிகளை லினோடைப் இயந்திரத்தில் ஈயக் கட்டிகளாக வார்த்து எடுத்தார்கள். நான்கு சுற்று மட்டும் ஆடும் புதிய பையனுக்கு அட்டையின் அடியில் கால் அங்குலத்துக்கும் குறைவான எழுத்தில் கிடைத்த அந்த இடம்தான் முதல் விளம்பரம். அவன் பெயர் ஆண்டுக்கு ஆண்டு அட்டையில் மேலே ஏறுவதை வைத்தே அவன் வாழ்க்கையைப் படித்துவிடலாம்.

புகைப்படம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாஃப்டோன் பிளாக்காக வந்து சேர்ந்தது. கரடுமுரடான அட்டையில் நுண்ணிய புள்ளி அப்பிக்கொள்ளும் என்பதால் அங்குலத்துக்கு 65 வரிசை போன்ற பெரும்புள்ளித் திரையில் பிளாக் எடுத்தார்கள். முகத்தில் தெரியும் அந்தப் புள்ளிகள் அப்படி வந்தவை. ஒரு வீரருக்கு எடுத்த பிளாக் பல ஆண்டுகள் உழைத்தது. முப்பதைக் கடந்தவர் அட்டையில் மட்டும் இருபத்திரண்டு வயதில் நிற்பதுண்டு. பின்னணியை வெட்டி உருவத்தை மட்டும் நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. இருவரும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஸ்டுடியோவில் படம் எடுத்தவர்கள். பின்னணியை நீக்கினால்தான் ஒரே மேடையில் நிற்பதுபோல் தோன்றும்.

மை விஷயத்தில் கணக்கு இன்னும் கறாரானது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு ஓட்டம், தனிக் கூலி. சாதாரணமாக இரண்டு நிறத்துக்கு மேல் கட்டுப்படியாகாது. மூன்றாவது நிறம் தேவைப்பட்டால் நிறமுள்ள அட்டையை வாங்குவார்கள், அல்லது ஒரே மைத் தொட்டியில் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமும் ஊற்றி, உருளை ஓட ஓட நடுவில் கலக்க விடுவார்கள். கலவை நேரத்துக்கு நேரம் மாறுவதால் முதல் அட்டையும் ஐந்நூறாவது அட்டையும் ஒன்றுபோல் இருக்காது. பிற்காலத்தில் ஸ்விட்சர் சகோதரர்களின் டே-க்ளோ ஒளிர் நிறங்கள் வந்தன. 1929-இல் தொடங்கிய பால்டிமோரின் க்ளோப் போஸ்டர் அச்சகம், ஒளிர் நிறத்தைத் திரை அச்சில் பின்னணியாகப் பூசி, அதன்மேல் மர எழுத்தை அழுத்தியது. அங்கே அச்சானவற்றில் இசை நிகழ்ச்சி விளம்பரங்களே புகழ்பெற்றன. சேகரிப்பாளர்கள் இன்றும் அவ்வகை இசைச் சுவரொட்டிகளைக் குத்துச்சண்டைப் பாணி என்றே அழைக்கிறார்கள்.

அச்சு முடிந்த பிறகு சண்டையே மாறிப்போவது இத்தொழிலின் ஓயாத தலைவலி. 1910-இல் ஜாக் ஜான்சனும் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸும் மோதும் போட்டியை டெக்ஸ் ரிக்கார்டு சான் பிரான்சிஸ்கோவில் நடத்த ஏற்பாடு செய்தார். ஜூன் மாதம் கலிஃபோர்னியா ஆளுநர் தடை போட, எல்லாம் நெவாடாவின் ரீனோவுக்கு இடம்பெயர்ந்தது. ஜூலை 4-இல் அங்கே ஜான்சன் வென்றார். இந்தச் சண்டையின் விளம்பரத்தைப் பழமையின் அழகு என்று மட்டும் பார்ப்பது நியாயமல்ல. கறுப்பினச் சாம்பியனை வீழ்த்த வந்த வெள்ளையரின் நம்பிக்கை என்று ஜெஃப்ரீஸைக் கூவித்தான் அன்றைய அச்சு முழுவதும் கூட்டம் சேர்த்தது. முடிவு தெரிந்த இரவில் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டு உயிர்கள் போயின.

சோனி லிஸ்டனும் முகமது அலியும் இரண்டாம் முறை மோத 1964 நவம்பர் 16-இல் பாஸ்டன் தயாராக இருந்தது. மூன்று நாள் முன்பு அலிக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. கடைசியில் போட்டி 1965 மே 25-இல் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிற்றூரில் நடந்தது. 1974-இல் கின்ஷாசாவில் அலியோடு மோதவிருந்த ஃபோர்மன் பயிற்சியின்போது கண்ணருகே வெட்டுப்பட்டதால், செப்டம்பர் 25 என்று குறித்த சண்டை அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. நடக்காத தேதியைத் தாங்கிய அட்டைகளைத்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அன்றைக்கு அவை குப்பை. பெரும்பாலானவை கிழிந்து போனதால் எஞ்சியவை அரிது.

1940-களின் இறுதியில் தொலைக்காட்சி வீட்டுக்குள் குத்துச்சண்டையைக் கொண்டுவந்ததும் உள்ளூர் அரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின; அவற்றோடு அட்டைகளும் போயின. பெரிய சண்டைகள் திரையரங்குகளுக்கு நேரடி ஒளிபரப்பாகச் சென்றன. 1951-இன் லூயிஸ், லீ சேவல்டு போட்டி அதற்குத் தொடக்கம். அதற்கான சுவரொட்டியில் கீழே ஒரு வெற்றிடம் விட்டு அனுப்புவார்கள். திரையரங்கின் பெயரையும் விலையையும் அந்தந்த ஊர் அச்சகம் அதில் மேலச்சடிக்கும். பிறகு ஆஃப்செட் அச்சு வந்தது. மர எழுத்தின் கட்டாயம் நீங்கி, லீராய் நீமன் போன்ற ஓவியர்களின் வண்ணங்கள் சண்டை விளம்பரத்தில் இடம்பிடித்தன. மர எழுத்துப் பெட்டிகளைப் பல அச்சகங்கள் அடுப்புக்குக் கொடுத்தன என்பது இந்த வரலாற்றின் மிகத் துயரமான பகுதி.

மெக்சிகோவில் மட்டும் கதை சற்று வேறு. 1933-இல் சால்வடோர் லுத்தெரோத் தொடங்கிய மல்யுத்த அமைப்பு முகமூடி வீரர்களை வளர்த்தது. தோற்றவர் முகமூடியைக் கழற்றும் பந்தயங்களுக்கு, இரண்டு நிறம் நடுவில் கலக்கும் மெல்லிய தாள் சுவரொட்டிகள் தெருவெல்லாம் ஒட்டப்பட்டன. அங்கே படம் இல்லாமல் வெறும் பெயர்களாலேயே நிரம்பிய சுவரொட்டிகள் நெடுங்காலம் ஓடின. 'எல் சாந்தோ' என்ற பெயர் போதும், முகம் வேண்டாம். முகமோ எப்படியும் மூடியிருக்கிறது.

மறைந்துகொண்டிருந்த ஒன்று பாணியாகத் திரும்பியதில் ஒரு நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ராப் ராய் கெல்லி 1969-இல் வெளியிட்ட அமெரிக்க மர எழுத்து வரலாறு, குப்பைக்குப் போன பெட்டிகளின் மதிப்பை வடிவமைப்பாளர்களுக்கு உணர்த்தியது. 1879-இல் நாஷ்வில்லில் தொடங்கிய ஹேட்ச் ஷோ பிரின்ட் அச்சகம் மூடப்படாமல் தப்பி, இன்று கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் அதே எழுத்துகளால் தினமும் அச்சடிக்கிறது. ஹாமில்டனின் எழுத்துகளுக்கு டூ ரிவர்ஸில் 1999-இல் அருங்காட்சியகம் அமைந்தது. க்ளோப் 2010-இல் மூடியபோது அதன் எழுத்தும் பிளாக்கும் மேரிலாந்து கலைக் கல்லூரிக்குப் போயின. மாணவர்கள் இப்போது அவற்றில் அச்சுக் கோக்கிறார்கள்.

பாணியை முதலில் நெஞ்சில் தைக்கும்படி கையாண்டது சண்டை நிகழ்ச்சி அல்ல, ஓர் ஓவியக் கண்காட்சி. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் டோனி ஷஃப்ராஸி கூடத்தில் ஆண்டி வார்ஹோலும் ஜான் மிஷேல் பாஸ்கியாவும் சேர்ந்து வரைந்த ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. மைக்கேல் ஹால்ஸ்பாண்ட் எடுத்த படங்களில் இருவரும் குத்துச்சண்டைக் கையுறையும் அரைக்காற்சட்டையுமாக நின்றார்கள். சுவரொட்டி அச்சு அசலாகச் சண்டை அட்டை. மெலிந்த, வெளிறிய ஐம்பத்தேழு வயதுக்காரரும் இருபத்து நான்கு வயது இளைஞரும் எதிரெதிர். விமர்சகர்கள் கண்காட்சியைக் கடிந்தார்கள், இருவர் கூட்டும் அதோடு முறிந்தது; சுவரொட்டி நிலைத்தது.

எழுத்து வடிவமைப்பில் இந்த வரலாற்றை மிக நுட்பமாகப் புரிந்துகொண்டவர் ஜோனதன் ஹெஃப்லர். 1990-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழுக்காக மர எழுத்துகளை ஒட்டி சாம்பியன் காத்திக் என்ற எழுத்துரு வரிசையைச் செய்தார். ஒடுங்கியதிலிருந்து அகன்றது வரை ஆறு அகலங்கள். அவற்றுக்குப் பான்டம்வெயிட் முதல் ஹெவிவெயிட் வரை குத்துச்சண்டை எடைப் பிரிவுகளின் பெயர்கள். அதிலிருந்து வளர்ந்த நாக்அவுட் 32 வடிவங்களுக்கு விரிந்தது. லூயிஸுக்கும் ஷ்மெலிங்குக்கும் சம இடம் தரப் பெட்டிகளைத் துழாவிய பழைய அச்சுக்கோப்பவரின் வேலை, இந்த வரிசையில் எடைப் பிரிவாகவே பெயர் பெற்றிருக்கிறது.

இப்போது பழைய பாணியில் சண்டை விளம்பரம் செய்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: உண்மையான மர எழுத்தைப் பூட்டி அச்சடிப்பது, அல்லது கணினியில் தேய்மானத்தையும் கறையையும் சேர்ப்பது. இரண்டாவதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் செய்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மர எழுத்தில் ஒவ்வொரு கட்டையும் தனித்தனி உயிர். ஒரு பெயரில் ஆங்கில 'இ' எழுத்து இரண்டு வந்தால் ஒன்றின் மூலை உடைந்திருக்கும், மற்றது முழுதாக இருக்கும். கணினி எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஒரே கீறல் விழுகிறது. நிறம் இடம் தவறுவதும் அப்படித்தான். உண்மை அச்சில் சிவப்பு முழுவதும் ஒரே திசையில் ஒரே அளவு விலகும், எழுத்துக்கு எழுத்து தள்ளாடாது. எழுத்து அட்டைக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அது அண்மைக்கால ஆசை. அன்றைய அச்சகத்தில் எழுத்து அட்டையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஆழ அழுத்தினால் மர எழுத்து நசுங்கிவிடும்.

விவரங்களிலும் காலம் பேசும். 1960-களின் தோற்றத்தில் ஓர் உலகப் பட்டப் போட்டி என்றால் 15 சுற்று. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகே பட்டப் போட்டிகள் 12 சுற்றாகச் சுருங்கத் தொடங்கின. அஞ்சல் குறியீட்டு எண் அமெரிக்காவில் 1963 ஜூலைக்கு முன் கிடையாது. 1950-களின் தொலைபேசி எண்ணில் முதல் இரண்டு இடங்களில் எழுத்து வரும்.

அச்சு ஓடி முடிந்ததும் பழைய பட்டறையில் செய்த கடைசி வேலை, சட்டத்தைத் தளர்த்தி, எழுத்துகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குத் திருப்பிப் போடுவது. அடுத்த வெள்ளிக்கிழமைச் சண்டைக்கு அதே எழுத்துகள் வேண்டும். அதனால் அந்தச் சுவரொட்டிகளுக்கு மூலப்படி என்று எதுவும் எங்கும் பாதுகாக்கப்படவில்லை. கடைக்காரர் கண்ணாடியிலிருந்து கழற்றி, எறிய மனமில்லாமல் அலமாரிக்குப் பின்னால் செருகிவைத்த அட்டைகள் மட்டுமே மிஞ்சின.